ஜிக் பெயிண்ட் ஏன் உரியுது?

கேள்வி: அண்ணாச்சி, உவரில பாறை மீன் பிடிக்க வீட்லயே ஈயத்த உருக்கி ஜிக் (முள்ளுல ஈயத் தலை வச்ச தூண்டில் இரை) ஊத்துதேன். எனாமல் பெயிண்ட் அடிச்சா ரெண்டு வீச்சுல உரிஞ்சிருது. என்ன செய்ய?

பதில்: தம்பி, பெயிண்ட்ட குத்தம் சொல்லாத, ஈயத்து மேல இருக்க பிசுக்குதான் காரணம். பிசிறெல்லாம் வெட்டிட்டு நைஸ் உப்புத்தாள தண்ணில நனைச்சித் தேயி, காஞ்ச தூசி மூக்குல ஏறுனா ரொம்ப ஆபத்து, சின்னப் பிள்ளைய பக்கத்துல வரவே கூடாது. பொறவு வினிகர்ல தொடச்சி, கழுவி, நல்லா காய விட்டு, பிரைமர் அடிச்சி வெள்ளை ஒரு கோட்டு குடு. வெள்ளை இல்லாம மஞ்ச, ஆரஞ்சு எது அடிச்சாலும் அந்த சாம்பல் நெறம் உள்ள இருந்து அமுக்கிரும். ஒரேயடியா அப்பாம லேசு லேசா அடி, ஒரு கோட்டு காஞ்ச பொறவுதான் அடுத்தது, கடைசில தெளிவான எபாக்சி பூச்சு.

என்னயக் கேட்டா பவுடர் பெயிண்ட்தான் நல்லது. ஜிக்க சூடாக்கி பவுடர்ல முக்கி, சுமார் 175 டிகிரில 15, 20 நிமிசம் வேக வச்சா பாறைல மோதுனாலும் லேசுல உரியாது. ஈயம் உருக 327 டிகிரி வேணும், அதனால பயப்படாத. ஆனா சோறாக்குத அடுப்படி ஓவன் வேண்டவே வேண்டாம், அதுக்குன்னு பழசு ஒண்ணு தனியா வச்சிக்க.

தூண்டில் நரம்பு கட்டுத ஓட்டைய பெயிண்ட் ஈரமா இருக்கும்போதே ஊசி விட்டு தொறந்துரு. ஜிக்குக்கு மீன் மாதிரி கண்ணு வைக்க குண்டூசி தலைய கறுப்புல தொட்டு ஒத்துனா போதும்.