கேளுங்கள், சொல்கிறோம்: காரைக்குடிப் பக்கத்திலிருந்து பாலினேசியத் தீவுக்கு

கேள்வி: அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் சாந்தி (ஆயுள் வேண்டிச் செய்யும் விழா) முடிந்ததும் ஆறு பேராகப் பசிபிக் தீவு ஒன்றுக்குப் போக எண்ணம். பிள்ளைகள் போரா போரா என்கிறார்கள். தாஹிட்டி, குக் தீவுகள், சமோவா இவற்றில் எது தோது?
– வாசகி, தேவகோட்டை

பதில்: தீவைப் பார்ப்பதற்கு முன் விமானம் எந்த ஊரில் மாறுகிறது என்று பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குப் பாதிப் பயணம் அங்கேயே தீர்மானமாகிவிடும்.

போரா போரா பிரெஞ்சு பாலினேசியாவில் இருக்கிறது. பிரான்சு சுற்றிப்பார்க்க வாங்கும் குறுகிய கால ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு அங்கே இறங்க முடியாது. விண்ணப்பத்திலேயே பிரெஞ்சு பாலினேசியா என்று குறித்துத் தனியாக வாங்கவேண்டும். ஆக்லாந்து வழி போனால் நியூசிலாந்து டிரான்சிட் விசாவும் சேரும். அமெரிக்கா வழி என்றால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா கேட்பார்கள். ஆக, ஆளுக்கு இரண்டு விசா, ஆறு பேருக்குப் பன்னிரண்டு. தாஹிட்டித் தீவின் பப்பீட்டேயில் இறங்கிய பிறகு உள்ளூர் விமானத்தில் இன்னும் முக்கால் மணி நேரம். போரா போரா விமான நிலையமே தனித் திட்டு ஒன்றில் இருப்பதால், விடுதிக்குப் படகில்தான் போகவேண்டும். படங்களில் வரும் நீர்மேல் குடில்கள் பெரும்பாலும் இருவர் தங்குகிற கணக்கில் கட்டியவை. வாசல் படி நேரே கடலில் இறங்கும். முட்டிவலிக்காரர்களும் ஓடியாடும் பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு அது சரிவராது.

குக் தீவுகளின் ரரோடோங்காவுக்குச் சுற்றுலாப் பயணிகள் முன்விசா இல்லாமல் 31 நாள் வரை போகலாம். ஆனால் ஆக்லாந்து வழி போனால் அதே டிரான்சிட் விசாத் தொல்லைதான்.

உங்களுக்குச் சமோவாவைத்தான் சொல்வோம். திருச்சி, சிங்கப்பூர், பிஜியின் நாடி, சமோவாவின் ஆப்பியா என்பது வழி. சிங்கப்பூரிலிருந்து நாடிக்கு நேர் விமானம் உண்டு. பிஜிக்கு இந்தியர் முன்கூட்டி விசா எடுக்கவேண்டியதில்லை. சமோவாவில் இறங்கியதும் அனுமதி தருவார்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடி, திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் சீட்டு, இம்மூன்றும் ஆளுக்கு ஒரு நகலாகக் கையில் இருக்கட்டும்.

பலரும் சறுக்குவது சிங்கப்பூரில். மலிவாக இருக்கிறதென்று திருச்சி–சிங்கப்பூர் டிக்கெட்டைத் தனியாகப் போட்டால், பெட்டியை வெளியே வந்து எடுத்து மறுபடி ஏற்றவேண்டும். வெளியே வரச் சிங்கப்பூர் விசா வேண்டும். அது இல்லையென்றால் திருச்சி கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். ஒரே பதிவில் டிக்கெட் எடுங்கள். பெட்டியில் ஒட்டும் சீட்டில் நாடி என்று இருக்கிறதா என்று பாருங்கள். முடியாதென்றால் சிங்கப்பூர் விசாவையும் எடுத்துவிடுங்கள்.

நாடி–ஆப்பியா விமானத்தின் நாளை முதலில் உறுதிசெய்துகொண்டு மற்றதை அதற்கேற்பப் போடவும். இடையில் ஒரு நாள் மிஞ்சினால் நல்லதுதான். நாடியில் ஸ்ரீ சிவசுப்பிரமணியர் கோயில் இருக்கிறது, 1994-இல் திராவிட பாணியில் எழுந்தது. பழனிக்கு நடப்பவர்களுக்கு அதற்கு மேல் சொல்லவேண்டியதில்லை.

கேள்வி: எந்த மாதம் நல்லது? பிஜியிலிருந்து ரரோடோங்கா டிக்கெட்டில், கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் சேர்வதாகப் போட்டிருக்கிறது. தவறா?
– வாசகர், புதுவயல்

பதில்: தவறில்லை. நடுவே, தாண்டினால் ஒரு நாள் மாறும் தேதிக்கோடு இருக்கிறது. பிஜியில் சனிக்கிழமை ஏறினால் ரரோடோங்காவில் வெள்ளிக்கிழமை இறங்கலாம். ரரோடோங்கா நமக்குப் பதினைந்தரை மணி நேரம் பின்னால். சமோவா ஏழரை மணி நேரம் முன்னால். சமோவாவும் முன்பு கோட்டின் பின்பக்கத்தில்தான் இருந்தது. 2011 டிசம்பர் 30-ஐ நாட்காட்டியிலிருந்தே விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தது. விடுதி அறையை இறங்கும் ஊரின் தேதிக்குப் போடுங்கள். இதில் பிசகினால் ஒரு ராத்திரி வாடகை போகும், அல்லது அறையே இருக்காது.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயலும் மழையும். மே முதல் அக்டோபர் வரை போகலாம். நம் பள்ளி விடுமுறையில் ஏப்ரலை விட்டு மே பிற்பாதியை எடுங்கள்; காலாண்டு விடுமுறையும் பொருந்தும்.

கேள்வி: இட்லிப்பொடி, வத்தல், கருவாடு, பலகாரம் கொண்டுபோகலாமா? அங்கே சாப்பாடு எப்படி?
– ஆச்சி ஒருவர், கானாடுகாத்தான்

பதில்: நாடியிலும் ஆப்பியாவிலும் உணவுப் பொருளைப் படிவத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். எழுதினால், ஆகாததை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். மறைத்து மாட்டினால் அபராதம். முளைக்கக்கூடியது எல்லாம் வம்பு: கடுகு, வெந்தயம், முழுப் பயறு. பழம், இறைச்சி, தேன், பால் பொருள் வேண்டாம். நெய்யும் பால் கணக்கில்தான் வரும் என்பதால் மாவுருண்டையைச் சிங்கப்பூருக்குள் தின்று தீர்த்துவிடுங்கள். தேன்குழல், மணகோலம் கொண்டுபோகலாம், ஆனால் எழுதிக் கொடுக்கவேண்டும். பொடியை வீட்டு டப்பாவில் கட்டாமல், சேர்மானம் அச்சிட்ட கடைப் பாக்கெட்டாக வாங்குங்கள். கருவாட்டை விட்டுவிடுங்கள்.

சமோவாவில் கிடைப்பவை நமக்கு அந்நியமல்ல. தாலோ என்பது சேம்பு வகை; உலு என்பது சீமைப்பலா. சேம்பிலையில் தேங்காய்ப்பால் வைத்துக் கட்டி, சூடான கல்லடுப்பில் வேகவைப்பது பலுசாமி. சிலர் அதற்குள் டின் மாட்டிறைச்சியும் வைப்பார்கள், அதற்குப் பெயர் பிசுப்போ. 'பிசுப்போ இல்லாமல்' என்று கேட்டு வாங்கவும். இலை அரைவேக்காடாக இருந்தால் தொண்டை அரிக்கும். ஓகா என்பது எலுமிச்சையும் தேங்காய்ப்பாலும் விட்ட பச்சை மீன், தெரிந்து சாப்பிடுங்கள். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் சாத்தியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைக்கவும்.

கேள்வி: கடற்கரை ஃபாலேயில் எங்கள் ஆயா தங்கமுடியுமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: முடியாது. ஃபாலே என்பது சமோவாவின் சுவரில்லாத கூரைக் கொட்டகை. ஓலைத்தட்டி, மெத்தை, கொசுவலை, அவ்வளவுதான். கழிப்பறைக்கு இருட்டில் நடக்கவேண்டும். ஆயாவுக்கு அறையோடு குளியலறை உள்ள விடுதியைப் பிடியுங்கள். இளசுகள் ஒரு ராத்திரி லலோமனு கடற்கரை ஃபாலேயில் படுத்துக்கொள்ளட்டும். மலேரியா கிடையாது, டெங்கு உண்டு. அதைப் பரப்பும் கொசு பெரும்பாலும் பகலில் கடிக்கும். தோ சுவா என்ற கடல்கிணற்றில் நெட்டுக்குத்தான நீள ஏணியில் இறங்கவேண்டும், பெரியவர்கள் மேலே நின்று பார்த்தால் போதும். பல கடற்கரைகளில் ஊரார் குளிக்கக் கட்டணம் வாங்குவார்கள். அந்நாட்டுப் பணமான தாலாவைச் சில்லறையாக வைத்திருங்கள். ரூபாயை அங்கே மாற்ற முடியாது. அமெரிக்க அல்லது நியூசிலாந்து டாலராகக் கொண்டுபோங்கள்.