தினமும் ஓடும் சவால்: கேட்டீர்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, நூறு நாள் சவாலில் சேர்ந்து தினமும் 5 கி.மீ. ஓடுகிறேன். இரண்டாவது வாரத்திலேயே கால் கெஞ்சுகிறது. என்ன செய்ய?

தினமும் ஓடுவது வேறு, தினமும் 5 கி.மீ. ஓடுவது வேறு. 1970-ல் பாஸ்டன் மாரத்தானை வென்ற பிரிட்டன் வீரர் ரான் ஹில், 1964 டிசம்பரில் தொடங்கி 2017 ஜனவரி வரை ஒருநாள் விடாமல் ஓடியவர், அவரே குறைந்தபட்சம் என்று வைத்துக்கொண்டது ஒரு மைல், அதாவது 1.6 கி.மீ. தான். வாரத்தில் மூன்று நாள் உங்கள் 5 கி.மீ. ஓடுங்கள், மற்ற நாட்களில் 2 கி.மீ. மெதுவாக ஓடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். அந்தக் குட்டி ஓட்டத்தைக் கேவலமாக நினைக்காதீர்கள், கால் தேறுவது அந்த நாட்களில்தான்.

கேள்வி: மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? என்னிடம் வாட்ச் இல்லை.

பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். முடியவில்லையா, குறையுங்கள்.

கேள்வி: சார், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி. நிறுத்தவா, தொடரவா?

இதைக் கவனமாகப் படியுங்கள். எலும்பின் உள்ஓரம் நெடுக ஒரு சாண் அளவுக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ், அதாவது அதிக ஓட்டத்தால் எலும்பு ஓரத்தில் வரும் வலி, தூரத்தை நன்றாகக் குறைத்து ஐஸ் வைத்தாலே பலருக்கு அடங்கும். ஆனால் விரல் நுனியால் ஒரே இடத்தில் அழுத்தும்போது சுரீர் என்கிறது, நடந்தாலும் வலிக்கிறது, ராத்திரி படுத்த பிறகும் விடவில்லை என்றால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம், ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்பார்கள். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், அதனால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று மறுநாளே ஷூ மாட்டாதீர்கள். ஐம்பத்திரண்டு வருடத் தொடரையே ரான் ஹில் நெஞ்சு வலி வந்ததும் விட்டுவிட்டார், நம் நூறு நாள் அதைவிடப் பெரிதில்லை.

கேள்வி: சென்னையில் மே மாதம் எப்படித் தம்பி சமாளிப்பது? சாயங்காலம் ஓடலாமா?

விடிவதற்கு முன்பே ஓடி முடிப்பது நல்லது அக்கா, சாயங்காலம் தார் ரோடு பகல் சூட்டையெல்லாம் கக்கிக்கொண்டிருக்கும். அப்புறம், நம் ஊரில் வெயிலைவிடப் புழுக்கம்தான் பெரிய எதிரி, ஏனென்றால் வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், கடற்கரைக் காற்றில் அது சீக்கிரம் காயாது. ஜனவரியில் ஓடிய வேகத்தை மே மாதம் எதிர்பார்க்கவே வேண்டாம். ஓடி வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள். தலை சுற்றினாலோ, வெயிலில் உடம்பு சிலிர்த்தாலோ அந்த இடத்திலேயே நின்று நிழலுக்குப் போய்விட வேண்டும்.

கேள்வி: காய்ச்சல் வந்தால்? ஒருநாள் விட்டால் தொடர் அறுந்துவிடுமே!

அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும். வெறும் மூக்கொழுகல் என்றால் மெதுவாக 2 கி.மீ. ஓடலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி இருந்தால் கண்டிப்பாகக் கூடாது, வைரஸ் காய்ச்சலோடு ஓடினால் இதயத் தசை வீங்கும் ஆபத்து இருக்கிறது. குணமாகி வந்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள், இதுவரை ஓடியது உங்கள் காலில்தான் இருக்கிறது.

கேள்வி: ஷூ எப்போது மாற்றுவது?

500 முதல் 800 கி.மீ.க்குள். அடிப்பாகம் ஒருபக்கம் தேய்ந்துவிட்டால் அதற்கு முன்பே.