ப்ரீபயாடிக் பொடி சாப்பிட்டால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேருமா?

ஹீமோகுளோபின் குறைவு, இரும்பு மாத்திரையோடு ப்ரீபயாடிக் பொடியும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஒரு சமயம் 8.4 வரை இறங்கியது. அப்போது இதே கேள்வியோடு நானும் அலைந்தேன்.

எந்தப் பொடி என்பதுதான் முக்கியம். ப்ரீபயாடிக் என்பது நமக்குச் செரிக்காமல் பெருங்குடல் வரை போய், அங்கிருக்கும் நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியாகும் நார். அது புளித்து அமிலம் உண்டாகும், அமிலத்தில் இரும்பு கரைந்து நிற்கும் என்பது கணக்கு. ஆனால் நம் உடம்பு இரும்பைப் பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கத்திலேயே எடுத்துவிடுகிறது. இரும்புச்சத்து குறைந்த பெண்களுக்கு நான்கு வாரம் தினமும் சுமார் 20 கிராம் இனுலின் என்ற ப்ரீபயாடிக் நாரைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நல்ல பாக்டீரியா பெருகியது, இரும்பு உறிஞ்சுவது கூடவில்லை. பால் சர்க்கரையில் இருந்து எடுக்கும் காலக்டோ ஒலிகோசாக்கரைடு என்ற ப்ரீபயாடிக் வேறு மாதிரி. அதில் 15 கிராமை ஃபெரஸ் ஃபியூமரேட் என்ற இரும்பு மருந்தோடு ஒரே வேளையில் கொடுத்தபோது பெண்களுக்கு உறிஞ்சுதல் கூடியது. கென்யாவில் கைக்குழந்தைகளிடமும் பலன் தெரிந்தது.

சரி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலையில் பாலில்லாத கட்டன் சாயாவோடுதான் இரும்புக் குளிகை விழுங்குவேன். மூன்று மாதம் ஆகியும் ஏறவே இல்லை. தக்கலையில் மருந்துக்கடைப் பெரியவர் என்னைக் கேட்டார்: "மக்களே, எதுகூடப் போடுறே?" சொன்னேன். "குளிகைக்கும் சாயாவுக்கும் ரெண்டு மணிக்கூர் இடைவெளி விடு" என்றார். வீட்டுக்கு வந்து ஒரு குளிகையை நுணுக்கி மிச்சச் சாயாவில் கலக்கினேன். டம்ளரில் மை ஊற்றியது போலக் கறுத்தது. தேயிலைத் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்கிறது, அதுதான் அந்தக் கறுப்பு. அன்றிலிருந்து பதினொரு மணிக்கு எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டேன். அடுத்த பரிசோதனையில் 10.1.

மட்டி வாழைப்பழத்திலும் உள்ளியிலும் ப்ரீபயாடிக் நார் கொஞ்சம் உண்டு. இரும்பு ஏறுவதற்காக அல்ல, குளிகையால் வரும் மலச்சிக்கலுக்காகத் தினமும் சாப்பிட்டேன். மரச்சீனிக் கிழங்கோடு சாளைக் கறி வைத்தால் மீனில் உள்ள இரும்பு எளிதாகச் சேரும். கூடச் சாப்பிடும் கீரையின் இரும்பையும் அது சேர்த்துவிடும்.

பொடி வாங்குவதாக இருந்தால் டப்பாவில் இனுலினா காலக்டோவா என்று பார்த்து வாங்குங்கள். முதலில் சிறிதாகத் தொடங்குங்கள், வயிறு உப்பும். அதற்கும் முன்னால், இரத்தம் ஏன் குறைந்தது என்று டாக்டரிடம் கேளுங்கள். மாதவிடாய்ப் போக்கு அதிகமா, ரப்பர் தோட்டத்தில் செருப்பில்லாமல் நடந்து கொக்கிப்புழு ஏறியதா என்று பார்ப்பார். எனக்குக் காரணம் போக்குதான்.