ஆறு ஆண்டு ஆன கேஸ் டியூபை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டு ஆரஞ்சு நிறக் கேஸ் டியூப் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. விரிசல் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் சிலிண்டர் கொண்டு வருபவர் மாற்றச் சொல்கிறார். சமையலறையைச் சீரமைப்பதால், சிலிண்டரைப் பின்கட்டில் வைத்து, சுவரில் துளையிட்டு மூன்று மீட்டர் டியூப் இழுக்க எண்ணுகிறோம். பாத்திரக் கடையில் விலை குறைந்த டியூபும் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: சிலிண்டர் கொண்டு வருபவர் சொல்வதே சரி. நீங்கள் வைத்திருப்பது எண்ணெய் நிறுவனங்கள் தரும் சுரக்ஷா வகை டியூப் என்றால், அதன் பயன்பாட்டுக் காலம் 5 ஆண்டுகள். உள்ளே ஒரு ரப்பர் அடுக்கு, அதன்மேல் எஃகுக் கம்பி வலுவூட்டல், அதற்கும் மேல் நீங்கள் பார்க்கும் ஆரஞ்சு உறை என அது அமைந்திருக்கிறது. எலிப்பல்லைத் தாங்குவதற்காக வைத்த அந்தக் கம்பியும் உறையும்தான், உள் ரப்பர் இறுகித் தளர்வதை நம் கண்ணுக்கு மறைத்தும் விடுகின்றன. எனவே வெளித்தோற்றத்தை நம்பாமல், டியூபின் மேலேயே அச்சிட்டுள்ள தயாரிப்பு ஆண்டைக் கணக்கில் கொள்ளுங்கள். இடையில் வெட்டோ, தீக்காயமோ, கடித்த தடமோ கண்டால் ஐந்து ஆண்டு வரை காத்திருக்கவும் கூடாது.

கடையில் கிடைக்கும் மலிவான டியூபைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் மிக அதிகம் என்றாலும், வீட்டு ரெகுலேட்டர் அதைச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 30 கிராம் என்ற அளவுக்குக் குறைத்தே வெளியே விடுகிறது. இவ்வளவு குறைந்த அழுத்தத்தைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் டியூப்கூடச் சில நாள் தாங்கிவிடும். “நன்றாகத்தானே எரிகிறது” என்று பலர் ஏமாறுவது இதனால்தான். அத்தகைய பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் மென்மையூட்டிகளை எரிவாயு மெல்ல மெல்ல உறிஞ்சிவிடுவதால், டியூப் விறைத்து, முனைகளில் பிளவுபடுகிறது. ஆரஞ்சு நிறத்தைப் போலியாகவும் பூசலாம் என்பதால் நிறத்தை மட்டும் பார்க்காமல், ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 9573 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏஜென்சியிலேயே வாங்கினால் இந்தத் தேடலே தேவையில்லை.

மூன்று மீட்டர் யோசனையைக் கைவிடுங்கள். வீட்டு டியூப் 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இரண்டு துண்டுகளை ஒட்டி நீட்டவும் கூடாது. சுவருக்குள் செல்லும் பகுதி உராய்ந்து தேய்வதை எவரும் பார்க்க முடியாது, அங்கே சோப்பு நீர் வைத்துச் சோதிக்கவும் வழியில்லை. சிலிண்டர் பின்கட்டில்தான் இருக்க வேண்டுமென்றால், நிலையான உலோகக் குழாய் அமைக்க வாய்ப்புண்டா என்று ஏஜென்சியிடம் கேட்டு, அவர்கள் அனுமதித்தால் அவர்களுடைய மெக்கானிக்கைக் கொண்டே செய்யுங்கள்.

புது டியூபை மாட்டும்போது இரு முனைகளும் அடிவரை இறுக்கமாக ஏற வேண்டும். மெல்லிய கம்பியால் கட்டி இறுக்கினால் அதுவே ரப்பரை அறுத்துவிடும். டியூப் பர்னருக்கு அடியில் செல்லாமலும், முறுகாமலும், விறைப்பாக இழுபடாமலும் இருக்கட்டும். அழகுக்காகத் துணி உறை போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது விரிசலை மறைப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாது. ஈரத் துணியால் துடைத்து வந்தாலே போதும். மாட்டி முடித்ததும், அடுப்புத் திருகுகளை மூடி, ரெகுலேட்டரைத் திறந்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது எந்தக் காலத்திலும் வேண்டாம்.

என்றேனும் வாடை வந்தால், இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும் என்பதை நினைவில் கொண்டு கதவு, ஜன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடுங்கள். மின் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் விசிறிக்கும் இது பொருந்தும். வெளியே வந்தபின் 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

கழற்றிய பழைய டியூபை இரண்டாக வெட்டிப் போடுங்கள். முழுதாகக் கிடந்தால் யாரேனும் எடுத்து மாட்டிவிடுவார்கள்.