வீங்கிய கையை உருவலாமா? கேள்விகளும் பதில்களும்

தேவகோட்டை வாசகி: காய்ச்சலுக்கு ட்ரிப்ஸ் ஏற்றிய இடத்தில் நரம்பு கயிறு மாதிரி தடித்து வலிக்கிறது. ரத்தம் உறைந்துவிட்டதா?

ஆமாம் ஆச்சி, ஆனால் உறைந்தது தோலுக்கு அடியிலேயே ஓடும் சின்னக் குழாயில். வெந்நீர் ஒத்தடமும் வலிக் களிம்பும் பெரும்பாலும் போதும். தடிப்பு அடங்கச் சில வாரம் ஆகும். சீழ் வைத்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, கை முழுக்க வீங்கினாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கோட்டையூர் வாசகர்: தம்பிக்கு 26 வயது, பெயிண்டர். ஒரு கல்யாண வீட்டில் மூன்று நாள் அண்ணாந்து மேல்தளம் அடித்தான். மறுநாள் வலது கை தோள் வரை வீங்கி நீலம் பாரித்துவிட்டது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டோம்.

உருவுவதை முதலில் நிறுத்துங்கள். சுளுக்குக்குக் கை முழுக்க நீலமாகாது. கையிலிருந்து நெஞ்சுக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாய், அதாவது சிரை, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே ஒரு சந்தில் நுழைகிறது. கையைத் தூக்கித் தூக்கி வேலை செய்யும்போது அங்கே நசுங்கி, உள்சுவர் புண்ணாகி, ரத்தம் உறையும். 1875-ல் பேஜட், 1884-ல் ஷ்ரோட்டர் என்ற மருத்துவர்கள் விவரித்ததால் இருவர் பெயரிலும் வழங்கும் நோய் இது. திடகாத்திரமான இளவட்டங்களுக்கு வருவதால் யாருக்கும் சந்தேகமே தட்டுவதில்லை.

இன்றே டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) எடுங்கள். கருவியை வைத்து அமுக்கினால் நல்ல சிரை தட்டையாகும், உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் ஆகாது. காறை எலும்புக்கு அடியில் அமுக்க வழியில்லை. அங்கே சந்தேகம் என்றால் சி.டி. ஸ்கேன் கேட்பார்கள். கட்டி உறுதியானால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, குறைந்தது 3 மாதம். அது கட்டி வளராமல் பார்த்துக்கொள்ளும். கரைப்பது உடம்பின் வேலை. கட்டி புதிதாக இருக்கும்போதே, 2 வாரத்துக்குள் போனால், குழாய் விட்டுக் கரைப்பதும் அப்புறம் அந்த விலா எலும்பை எடுப்பதும் சிலருக்கு உண்டு. அதனால் ரத்தக்குழாய் அறுவை மருத்துவரைப் பார்க்க மதுரைக்குப் போகச் சொன்னால் தயங்காதீர்கள். நடுவில் மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

ஆத்தங்குடி வாசகி: ஆத்தாவுக்குக் கீமோ ஏற்றக் கையில் நீளக் குழாய் வைத்திருக்கிறது. அந்தக் கை வீங்கிவிட்டது. குழாயை எடுக்கச் சொல்லவா?

அவசரப்படாதீர்கள். கையில் வரும் ரத்தக் கட்டிகளில் பெரும்பாலானவை இப்படிக் குழாயாலும் புற்றுநோயாலும் வருபவைதான். குழாய் ஒழுங்காக ஓடி, தேவையும் இருந்தால், அதை விட்டுவைத்தே ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுப்பது வழக்கம்.

பள்ளத்தூர் வாசகர்: அப்பச்சி ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். முருங்கைக்கீரையை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும் என்பது சரி. ஆனால் வாராவாரம் ஒரே அளவில் சாப்பிட்டால், அதற்கேற்ப மாத்திரையின் அளவை டாக்டர் அமைத்துவிடுவார். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை அளவு டாக்டர் சொன்ன எல்லைக்குள், பெரும்பாலும் 2-லிருந்து 3-க்குள், நிற்கிறதா என்று பாருங்கள். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்குகிறாரா? வார்ஃபரினோடு வலி மாத்திரை சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம், எனக்குக் கீரையைவிட அதுதான் பயம்.