விடிய விடிய நாடகம்: இரவுச் சாப்பாட்டை எங்கே வைத்துக்கொள்வது?

கேள்வி: ஐயா, நரசிம்ம ஜயந்தியன்று மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா என்னும் இசை நாட்டிய நாடகத்தைக் குடும்பத்தோடு பார்க்க இருக்கிறோம். மயிலாடுதுறையிலிருந்து வாடகை வேனில் வருகிறோம். தந்தைக்கு வயது 72. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார்; வழக்கமாக இரவு 9 மணிக்குச் சாப்பிடுபவர். தாயார், மனைவி, 9 வயதிலும் 12 வயதிலும் இரு குழந்தைகள், பெங்களூரிலிருந்து வரும் தம்பி, நான் என மொத்தம் ஏழு பேர். அன்றிரவு தஞ்சாவூரில் ஒரு பெரிய அசைவ உணவகத்தில் எல்லோருக்கும் விருந்து வைக்க வேண்டும் என்பது தம்பியின் ஆசை. நாடகத்துக்கு முன் சாப்பிடுவதா, பின் சாப்பிடுவதா? எந்த ஊரில் சாப்பிடுவது?

பதில்: ஊரையும் உணவகத்தையும் பிறகு பார்ப்போம், முதலில் நாடகம் தொடங்கும் நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பாகவத மேளா மற்ற மேடை நிகழ்ச்சிகளைப் போல மாலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு முடிந்துவிடுவதன்று. வரதராசப் பெருமாள் கோயிலின் முன்னே இரவு 9, 10 மணி வாக்கில் தொடங்கி, வழக்கப்படி விடியற்காலை வரை நடப்பது. மெலட்டூரில் இதை நடத்தும் குழுக்கள் ஒன்றுக்கு மேல் இருப்பதால், நீங்கள் பார்க்கப்போவது எந்தக் குழுவின் நாடகம், எந்த நாளில், எத்தனை மணிக்கு என்பதை அழைப்பிதழைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே சாப்பாட்டைப் பற்றி யோசியுங்கள்.

இரவு 10 மணிக்கு நாடகம் என்றால் நீங்கள் 9.30 மணிக்கு அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். தொடக்கத்தைத் தவறவிட்டால் பாதி நாடகத்தைத் தவறவிட்டதாகவே நான் கருதுவேன். கோணங்கி எனும் கோமாளி ஆடி வந்து கூட்டத்தை அமைதிப்படுத்துவதும், பாகவதர்கள் தோடய மங்கலம் எனும் தொடக்க வாழ்த்துப் பாடல்களைப் பாடுவதும், யானைமுகம் தரித்த சிறுவன் கணபதியாக வந்து ஆசி வழங்குவதும் அந்த முதல் பகுதியில்தான் நிகழ்கின்றன. குழந்தைகள் பெரியவர்களாகிய பின்னும் நினைவில் வைத்திருக்கப் போவது அந்தக் கணபதியைத்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பர் குழுவை அழைத்துச் சென்றபோது, தஞ்சாவூரில் ஓர் உணவகத்தில் 8 மணிக்கு உட்கார்ந்து ஆளுக்கொரு பதார்த்தம் சொன்னோம். அவை ஒவ்வொன்றாக வந்து சேர 9.15 ஆயிற்று. நாங்கள் மெலட்டூரை அடைந்தபோது கணபதி வந்து போயிருந்தார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுத அதுவும் ஒரு காரணம்.

இனி ஊர். மெலட்டூர் பாபநாசம் வட்டத்தில், தஞ்சாவூரிலிருந்து சுமார் 18 கி.மீ. தொலைவில் இருக்கிறது. நீங்கள் மயிலாடுதுறையிலிருந்து குத்தாலம், ஆடுதுறை, கும்பகோணம் வழியாக வருகிறீர்கள். தஞ்சாவூருக்குப் போய்ச் சாப்பிட வேண்டுமானால், மெலட்டூருக்குத் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், வயிறு நிறைந்த பின் மறுபடி திரும்பி வர வேண்டும். கும்பகோணமோ உங்கள் வழியிலேயே இருக்கிறது. அதனால் இரவுச் சாப்பாட்டைக் கும்பகோணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மெலட்டூருக்குக் கிராமத்துச் சாலை, இருட்டு, வண்டி நிறுத்த இடம் தேடுவது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே கணக்கிடுங்கள். ஆகவே கும்பகோணத்தில் இலை முன் உட்காருவது 7 மணிக்கு, எழுந்து புறப்படுவது 8.15 மணிக்கு, மயிலாடுதுறையில் வேன் கிளம்புவது 5.30 மணிக்கு. 7 மணிக்கு மற்றொரு நன்மையும் உண்டு. நம் ஊர்களில் இரவுப் பலகாரக் கூட்டம் 8 மணிக்கு மேல்தான் நெருக்கும். அதற்கு முன் உட்கார்ந்தால் ஏழு பேருக்கும் ஒரே வரிசையில் இடம் கிடைக்கும், இட்லியும் அப்போதுதான் இறக்கியதாக இருக்கும்.

உணவகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரை மட்டும் பார்க்க வேண்டாம். கும்பேஸ்வரர் கோயிலை ஒட்டிய மங்களாம்பிகா விலாஸ், வெங்கட்ரமணா போன்ற பழைய சைவ உணவகங்கள் நல்ல பெயர் பெற்றவை. ஆயினும் உங்கள் குடும்பத்துக்கு எது ஏற்றது என்பதை வேறு சில தேவைகளே முடிவு செய்யும். தந்தையார் சாய்ந்து உட்காரச் சாய்மானமுள்ள நாற்காலி வேண்டும். சுத்தமான கழிப்பறை வேண்டும். இது மிக முக்கியம், ஏனெனில் மெலட்டூர் ஒரு கிராமம், இரவு முழுவதும் அங்கேதான் இருக்கப் போகிறீர்கள். வேனை நிறுத்த இடம் வேண்டும். கோயிலைச் சுற்றிய தெருக்களில் அது எளிதன்று, ஓட்டுநர் உங்களை வாசலில் இறக்கிவிட்டு எங்கே காத்திருப்பார் என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். அந்த ஓட்டுநரும் 7 மணிக்கே உங்களோடு சாப்பிட வேண்டும். விடியற்காலையில் உங்கள் அனைவரையும் பத்திரமாகக் கொண்டு சேர்க்க வேண்டியவர் அவர்தான். நாடகம் நடக்கும்போது வேனில் நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள்.

என்ன சாப்பிடுவது? இரவில் ‘சாப்பாடு இருக்கிறதா’ என்று கேட்க வேண்டாம். டெல்டா ஊர்களில் வாழையிலைச் சாப்பாடு பகலுக்குரியது. இரவில் சமையற்கட்டு இட்லி, தோசை, இடியாப்பம், பரோட்டா என்றே இயங்கும். இட்லி, இடியாப்பம், ஊத்தப்பம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எண்ணெயும் நெய்யும் மிகுந்த உணவு இரைப்பையை விட்டு நகர நெடுநேரம் எடுக்கும். அத்துடன் தரையிலோ சிறு நாற்காலியிலோ மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் நெஞ்செரிச்சல் வரும், கண்ணும் சொக்கும். கும்பகோணத்தின் கடப்பா எனக்கு மிகவும் பிடித்த பதார்த்தம். உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்ந்து மணக்கும் அதை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. இருந்தாலும் அன்றிரவு ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம்.

இதே காரணத்தால் தம்பியின் பிரியாணி விருந்தை அடுத்த நாள் பகலுக்குத் தள்ளிப் போடச் சொல்கிறேன். வேறொரு காரணமும் உண்டு. இந்த நாடகம் பெருமாளுக்குச் செய்யும் ஆராதனையாகவே தலைமுறை தலைமுறையாக நடத்தப்படுவது; நரசிம்மரின் முகமூடி பூசைக்குரியது, அதை அணிபவர் விரதமிருந்து அணிகிறார். நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று அங்கே எவரும் கேட்கப் போவதில்லை. ஆயினும் விருந்தாளியாகப் போகும் வீட்டின் நியமத்தை ஓர் இரவுக்கு நாமும் கைக்கொள்வது மரியாதை என்பது என் எண்ணம். தம்பியிடம் இதை எடுத்துச் சொன்னால் நிச்சயம் ஏற்றுக்கொள்வார்.

தந்தையாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வழக்கமாக 9 மணிக்குச் சாப்பிடுபவர் அன்று 7 மணிக்கே சாப்பிட்டு, விடியும் வரை விழித்திருக்கப் போகிறார். சர்க்கரை மாத்திரைகளில் சில, உணவு தாமதமானால் இரத்தச் சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தக்கூடியவை. அவர் சாப்பிடுவது அந்த வகையா, அன்றைக்கு மாத்திரையை எப்போது எடுப்பது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்; நீங்களாக அளவை மாற்ற வேண்டாம். சர்க்கரை தாழ்ந்தால் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் ஆகியவை தோன்றும். மே மாதப் புழுக்கத்தில் எல்லோருக்குமே வியர்க்கும் என்பதால் இதைக் கவனிக்காமல் விட்டுவிடும் அபாயம் உண்டு. ஆகவே உங்களில் ஒருவர் எப்போதும் அவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அறிகுறி தெரிந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். தெளியாவிட்டால் மறுபடி கொடுங்கள். குடிக்க இயலாத அளவுக்கு மயங்கினால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நரசிம்ம ஜயந்திக்குரிய பானகம் கிடைத்தால், அதில் வெல்லம் நிறைய இருக்கும் என்பதால் சாதாரண நிலையில் அவர் ஒரு வாய் மட்டும் பிரசாதமாக எடுத்துக்கொண்டு, தாகத்துக்கு நீர்மோர் குடிக்கட்டும்.

7 மணிக்குச் சாப்பிட்டவர்களுக்கு நள்ளிரவு தாண்டியதும் பசிக்கும். அந்நேரத்தில் உணவகம் தேடிப் போக முடியாது, போகவும் கூடாது. இதற்கு நம் பாட்டிமார்கள் கண்டுபிடித்த வழி கட்டுச்சாதம். வெயில் காலத்தில் சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைப்பது பொதுவாகச் சரியன்று. ஆனால் புளியின் புளிப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்த, ஈரம் குறைந்த புளியோதரை மற்றச் சாதங்களைவிட நெடுநேரம் தாங்கும். மயிலாடுதுறையில் புறப்படும்போதே அதைக் கட்டிக்கொள்ளுங்கள். சாதத்தை நன்றாக ஆறவிட்டுக் கிளறி, வாழையிலையில் பொட்டலம் கட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துக் கெட்டுவிடும். குழந்தைகளுக்கு மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி போதும். தேங்காய்ச் சட்னியைக் கொண்டு போகவே வேண்டாம், முதலில் ஊசிப்போவது அதுதான்.

நரசிம்ம ஜயந்தி நாடகமான பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மர் தூணைப் பிளந்து வெளிப்படும் கட்டம் இரவின் கடைசிப் பகுதியில் வருவது. எனவே 12.30 மணிக்கும் 1 மணிக்கும் இடையில், ஒரு பாத்திரப் பிரவேசம் (பாத்திரம் அறிமுகமாகும் ஆட்டம்) முடிந்து அடுத்தது தொடங்கும் வேளையில், இருவர் இருவராகக் கூட்டத்தை விட்டு வெளியே வந்து சாப்பிட்டுக் கை கழுவித் திரும்புங்கள். நடிகர்களுக்கு எதிரே உட்கார்ந்து பொட்டலம் பிரிப்பது அழகன்று. குழந்தைகள் தூங்கிவிட்டால் தூங்கட்டும். ஒரு சமுக்காளம் கொண்டு போங்கள், நரசிம்மர் வரும் நேரத்தில் எழுப்பிவிடலாம்.

விருந்து என்று ஒன்று வேண்டுமானால் அதை விடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்து, முகம் கழுவி, கும்பகோணத்துக்குத் திரும்பும்போது காபிக் கடைகளில் முதல் டிகாக்ஷன் இறங்கியிருக்கும். வெண்பொங்கல், வடை, தோசை, பித்தளை டபராவில் கும்பகோணம் டிகிரி காபி என அன்று காலையில் எதற்கும் நேரக் கட்டுப்பாடில்லை. தந்தையார் காலை மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளலாம், காபியில் சர்க்கரை போடாமல் கேட்டு வாங்குங்கள். முதல் நாள் இரவு சாப்பிடும்போதே அந்த உணவகம் காலையில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.