பரணில் இருக்கும் பெட்டியைத் தூக்கிப் போடுங்கள்

கேள்வி: மகளைப் பார்க்க சான்பிரான்சிஸ்கோ போயிருந்தபோது ஏஞ்சல் தீவைச் சுற்றிப் பார்த்தேன். அமெரிக்காவுக்குள் நுழைய வந்து, விசாரணைக்காக அங்கே அடைத்துவைக்கப்பட்ட சீனர்களின் கதை மனதைவிட்டுப் போகாததால் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதையில் வரும் தாத்தா 1926-இல், பதினான்கு வயதில், வேறொருவர் மகன் என்று சொல்லி அமெரிக்கா வந்தவர். அவர் இறந்தபின் பேத்தி பரணில் ஒரு பெட்டியைத் திறக்க, பழைய கடிதங்களில் எல்லாம் வெளியே வருகிறது. படித்த தோழிகள் "ஒட்டவில்லை" என்கிறார்கள். எங்கே தப்பு?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: தோழிகள் சொன்னது சரிதான் அம்மா, அந்தப் பெட்டிதான் தப்பு. விசாரணையில் சொல்ல வேண்டிய பொய்க் குடும்ப விவரங்களைக் கப்பலில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துவிட்டு, அந்தக் குறிப்புப் புத்தகத்தைக் கரை சேரும் முன்பே கடலில் வீசியவர் உங்கள் தாத்தா. அப்படிப்பட்டவர், தன்னை மாட்டிவிடக்கூடிய கடிதங்களை வருஷக்கணக்காகப் பரணில் வைத்திருப்பாரா?

அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிகள் உள்ளே வரக் கூடாது என்று 1882-இல் சட்டம் வந்துவிட்டது, ஆனால் அமெரிக்கக் குடிமகனின் பிள்ளை என்றால் வரலாம். 1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் சான்பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவுகள் எரிந்துபோக, 'நான் இங்கேதான் பிறந்தேன்' என்று பலர் சொல்லிக் குடிமகன் ஆனார்கள். அப்புறம் ஊருக்குப் போய்த் திரும்பும்போது 'மகன் பிறந்திருக்கிறான்' என்று அதிகாரிகளிடம் பதிவு செய்வார்கள், பிறக்காத அந்த மகனின் இடம் விலைக்குப் போகும். அந்த இடத்தை வாங்கி வந்தவர்கள்தான் காகிதப் பிள்ளைகள்.

தீவில் நடந்த விசாரணை தெரிந்ததுதானே. வீட்டுக்கு எத்தனை படி, கிணறு எந்தப் பக்கம், மூன்றாவது வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், அரிசிப் பானை எங்கே இருக்கும்? காகித அப்பாவிடமும் இதையே கேட்டு ஒத்துப் பார்ப்பார்கள். ஒரு படி தவறினால் திருப்பி அனுப்பிவிடலாம், முடிவு தெரியும்வரை வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், மரச்சுவரில் கவிதை செதுக்கிக்கொண்டு காத்துக் கிடந்தார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். உங்கள் தாத்தாவின் ரகசியம் எங்கேயும் புதைந்து கிடக்கவில்லை, அதை மறைக்கும் பொய்யை அவர் தினமும் பேசிப் பழகிக்கொண்டே இருந்தார். ஆகவே அதை அவர் நடவடிக்கையில் காட்டுங்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் படிகளை எண்ணுகிறார், ஊரைப் பற்றிக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு சொல்கூட மாறாமல் அதே பதிலைச் சொல்கிறார், கதவு தட்டினால் பேச்சை நிறுத்துகிறார். பேத்திக்கு இதெல்லாம் 'தாத்தா அப்படித்தான்' என்றுதான் தெரிய வேண்டும்.

வெடிக்கிற இடம் வேண்டும் என்றால் கல்யாணத்தை எடுங்கள். சீனர்களிடம் ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்ற பழைய கட்டுப்பாடு உண்டு. கொங்குப் பக்கத்துக்காரரான உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், பெண் எடுப்போமா? தாத்தாவின் மகள் ஒரு பையனை விரும்புகிறாள். காகிதத்தில் இரண்டு பெயரும் வேறு வேறு, ஆனால் தாத்தாவின் உண்மையான குடும்பப் பெயரும் அந்தப் பையனுடையதும் ஒன்று. "வேண்டாம்" என்கிறார், ஏன் என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. மகள் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தே வீட்டைவிட்டுப் போகிறாள். உங்கள் நாவலின் நடு அத்தியாயம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, நூறு பெட்டி திறந்தாலும் இந்த வலி வராது.

பேத்தி தேட வேண்டும் என்றால் பரணுக்குப் பதில் சான் புரூனோவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள், அந்த விசாரணைக் கோப்புகள் அங்கே இருக்கின்றன. பதினான்கு வயதுப் பையன் சொன்ன பொய்கள் கேள்வி பதிலாகவே தட்டச்சில் கிடைக்கும், உண்மையைத்தான் எந்தத் தாளிலும் எழுதவில்லை. அவர் கல்லறையையும் அவள் பார்க்கட்டும். ஆங்கிலத்தில் காகிதப் பெயரும் சீன எழுத்தில் சொந்தப் பெயருமாகச் செதுக்கிய கல்லறைகள் நிஜமாகவே உண்டு.

1943-இல் அந்தத் தடைச் சட்டத்தை நீக்கியபோதும் வருஷத்துக்கு 105 சீனர்கள்தான் வரலாம் என்று வைத்தார்கள், அதனால் பயம் போகவில்லை. 1956-இல் அரசாங்கம், உண்மையை ஒப்புக்கொண்டால் சட்டப்படி தங்க வழி செய்யலாம் என்றது. ஆனால் ஒருவர் வாய் திறந்தால் அந்தக் காகிதக் குடும்பம் முழுக்க மாட்டும். உங்கள் தாத்தா போய் ஒப்புக்கொண்டாரா இல்லையா? அதை முதலில் முடிவு செய்யுங்கள், மகள் திரும்பி வருவாளா என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.